ராஜகுடும்பத் தொடர்களில் நடந்தது எது, சேர்த்தது எது?

தெற்குமாசி வாசகி

எலிசபெத் ராணி குடும்பத்தைப் பற்றிய ‘தி கிரவுன்’ நெட்ஃபிளிக்ஸ் தொடரை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். 2016இல் தொடங்கி 2023 டிசம்பரில் முடிந்தது. ஆறு சீசன், 60 எபிசோடு. எங்கள் வீட்டில் சப்டைட்டில் வைத்து முழுசாகப் பார்த்தோம். நடிப்பிலும் எடுத்த விதத்திலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாவது சீசனில் வரும் ஒரு விஷயத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தொடரின்படி, பின்னாளில் ராணியின் கணவரான பிலிப் அப்போது ஸ்காட்லாந்தில் ஹாஸ்டலில் படிக்கிற பையன். சண்டை போட்டதற்குத் தண்டனையாக அவரை விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுகிறார்கள். தம்பி வரப்போவதில்லை என்றதும், பயணமே வேண்டாம் என்றிருந்த அக்கா செசிலி லண்டன் கல்யாணத்துக்கு விமானம் ஏறுகிறார். விமானம் விழுகிறது. அடக்கத்தின்போது பெற்ற அப்பாவே பையனைப் பார்த்து “உன்னால்தான்” என்கிறார்.

விமானம் விழுந்தது நிஜம். 1937 நவம்பர் 16, பெல்ஜியத்தில் ஆஸ்டெண்ட் பக்கம். செசிலி நிறைமாத கர்ப்பிணி. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஒரு குடும்பமே போய்விட்டது. ஆனால் அவர்கள் கிளம்பியது கொழுந்தனார் கல்யாணத்துக்கு. பிலிப் பள்ளியில் என்ன செய்திருந்தாலும் அந்தப் பயணம் நடந்திருக்கும். தண்டனைக்கும் சாவுக்கும் தொடர்பு இல்லை, அப்பா பழி போட்டதும் இல்லை. இது வெளிவந்த 2017 டிசம்பரில் பிலிப்புக்கு 96 வயது, உயிரோடு இருந்தார். பதினாறு வயதில் அக்காவைப் பறிகொடுத்த மனிதருக்கு, கடைசிக் காலத்தில், அந்தச் சாவுக்கு நீதான் காரணம் என்று உலகம் முழுக்கப் படம் போட்டுக் காட்டினார்கள்.

ராணியும் பிரதமரும் வாராவாரம் தனியாகச் சந்திப்பார்கள், அதற்குக் குறிப்பு எடுக்கும் வழக்கமே கிடையாது. அந்த அறைக்குள் நடந்த பேச்சை எழுத்தாளர் எழுதித்தான் ஆகவேண்டும், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். பேச்சைக் கற்பனை செய்யலாம். ஒருவர் செய்யாத குற்றத்தை அவர் தலையில் கட்டலாமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கோரிப்பாளையத்தான்

அக்கா, அது டாக்குமெண்டரி இல்லையே, டிராமாதானே? பார்க்கிறவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? 1959ல வந்த கட்டபொம்மன் படத்துல வர்ற கிஸ்தி வசனம் வசனகர்த்தா எழுதினதுதான். அதைக் கேட்டு வளர்ந்த மூணு தலைமுறைக்கு உடம்பு சிலிர்க்குது. அந்த வசனம் இல்லேன்னா கட்டபொம்மனை இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்குமா? நிஜத்துல அவர் ஜாக்சன் துரையைச் சந்திச்சது ராமநாதபுரத்துல, 1798ல. கைகலப்பாகி, கிளார்க் என்கிற லெப்டினன்ட் செத்தார், கட்டபொம்மனோட மந்திரி சுப்பிரமணிய பிள்ளையைப் பிடிச்சு வச்சாங்க. அதுல வசனம் பேச ஏது நேரம்? ஆனா அந்த வசனம் அவர் மனசைச் சரியாத்தானே சொல்லுது!

திருமங்கலம் வசனம்

சென்னையில் சீரியலுக்கு வசனம் எழுதுகிறேன், சொந்த ஊர் திருமங்கலம். உள்ளே இருந்து பார்க்கிறவனாக ஒன்று சொல்கிறேன்.

முதலில் ஒன்-லைன் வரும், அதாவது கதைச் சுருக்கம். பிறகு அதைக் காட்சி காட்சியாக விரித்த சீன் பேப்பர். டயலாக் கடைசியில்தான். கற்பனை நுழைகிற இடம் டயலாக் இல்லை, ஒன்-லைன். வரலாற்றில் ஒரு சம்பவம் நடக்கும், அதற்குப் பிறகு இன்னொன்று நடக்கும். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்களுக்கு அது போதாது. ஏன் நடந்தது, யாரால் நடந்தது என்று டிஸ்கஷனில் கேள்வி வரும். அக்கா விமான விபத்தில் செத்தார் என்று எழுதிக்கொண்டு போனால், “சரி, இதனால ஹீரோவுக்கு என்ன?” என்பார்கள். உடனே ஒரு காரணத்தைக் கட்டுவோம். அப்பா, மகன், குற்ற உணர்ச்சி என்று கதை தானாக ஓடும். பிலிப் விஷயத்தில் நடந்திருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது. எங்கள் குடும்ப சீரியலில் இதைத் தினமும் செய்கிறோம், அங்கே யாருக்கும் சேதாரம் இல்லை. நிஜ மனிதரை வைத்துச் செய்யும்போது, அந்தக் ‘காரணம்’ யாரோ ஒருவர் மேல் பழியாகத்தான் போய் உட்காரும்.

தெற்குமாசி வாசகி

திருமங்கலம் சார், நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் நின்ற இடம் இதுதான். நன்றி.

கோரிப்பாளையம் தம்பிக்கு: பார்ப்பவர்களுக்குத் தெரியும் என்பதைத்தான் நெட்ஃபிளிக்ஸும் சொன்னது. 2020இல் பிரிட்டனின் கலாச்சாரத் துறை அமைச்சரே, இது புனைவு என்று ஒரு அறிவிப்புப் போடுங்கள் என்று கேட்டார், போடவில்லை. 2022இல் ராணி இறந்த பிறகு, ஐந்தாவது சீசன் வரப்போகும் நேரத்தில், நடிகை ஜூடி டென்ச் அதே அறிவிப்பைக் கேட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். சார்லஸ் தன் அம்மாவை முடி துறக்க வைக்கப் பிரதமர் ஜான் மேஜரிடம் பேச்சுக் கொடுப்பதாக வரும் காட்சியை, அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று மேஜரே மறுத்தார். கடைசியில் டிரெய்லருக்குக் கீழே, நிஜச் சம்பவங்களைத் தழுவிய புனைவு என்று ஒரு வரி சேர்த்தார்கள். டிரெய்லருக்குக் கீழே! எபிசோடைப் பார்க்கிறவர் கண்ணில் அது படவா போகிறது?

மஹால் கைடு

எல்லாருக்கும் தெரியும்ங்கிறதை நான் நம்பமாட்டேங்க. திருமலை நாயக்கர் மஹால்ல வர்றவங்களோட தினம் நிக்கிறவன் நான். சொர்க்கவிலாசத்துக்குள்ள வந்து அண்ணாந்து அந்தத் தூணையும் சுதை வேலையையும் பார்த்து முடிச்சதும் கேக்குற ரெண்டாவது கேள்வி, “ராஜாவை எந்த அறையில வச்சு மூடுனாங்க?” சிலபேர் சுரங்கம் எங்கேன்னு குதிகாலால தரையைத் தட்டிப் பார்ப்பாங்க. சத்தம் மாறுதான்னு காதை வச்சுக் கேட்டவங்களும் உண்டு.

திருமலை நாயக்கர் சாவுக்கு ஊர்ல ரெண்டு கதை இருக்கு. அவர் கிறிஸ்தவத்துப் பக்கம் சாயுறார்னு பயந்து, கோயில்ல புதையல் காட்டுறோம்னு பட்டர் நிலவறைக்குக் கூட்டிட்டுப் போய்க் கல்லை மூடிட்டார்ங்கிறது ஒண்ணு. பட்டர் வீட்டுப் பெண்ணோட தொடர்பு, ராத்திரி திரும்பி வரும்போது கிணத்துல விழுந்தார்ங்கிறது இன்னொண்ணு. ரெண்டும் பின்னாடி வந்த கதைங்க.

அவர் இறந்தது 1659. அப்ப மதுரை மிஷன்ல இருந்த ஏசு சபைப் பாதிரியார் புரோயன்சா அந்த வருஷமே கடிதம் எழுதியிருக்கார். நாயக்கர் செத்ததையும் எழுதுறார், அவர் செஞ்ச தப்பையும் தாட்சண்யமில்லாமச் சொல்றார். கொலைன்னு ஒரு வார்த்தை இல்ல. யோசிச்சுப் பாருங்க. கிறிஸ்தவத்துக்காக ஒரு ராஜாவைக் கொன்னிருந்தா, அதை ரோமாபுரிக்கு முதல்ல எழுதுறது பாதிரிமாராத்தானே இருக்கும்? இதை நான் சொன்னா வர்றவங்க முகம் வாடிப்போகுது. அவங்களுக்கு அந்த அறை வேணும்.

நாளைக்கு யாராவது இதைத் தொடரா எடுத்தா நிலவறைக் கதையைத்தான் எடுப்பாங்க. மூக்கறு போர்ல மைசூர்ப் படை வந்தப்ப, இவர் நோய்ல படுத்திருக்க, ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி வந்து மதுரையைக் காப்பாத்தினாரே, அது நடந்த விஷயம். மூக்கையும் உதட்டையும் அறுத்து மூட்டை கட்டி அனுப்புன போர். படமாக்க அதுல இல்லாததா?

பெஞ்ச் ஜூனியர்

சட்டப்படி என்ன நிலைமை என்று சொல்கிறேன், மதுரைக் கிளையில் பிராக்டிஸ் செய்கிறேன்.

இறந்தவர் சார்பில் மான நஷ்டம் கேட்டு சிவில் வழக்குப் போட முடியாது, அந்த உரிமை ஆளோடு போய்விடும். குற்றவியலில் ஒரு சின்ன வாசல் உண்டு. பழைய தண்டனைச் சட்டம் 499இன் முதல் விளக்கம், இப்போது நியாய சன்ஹிதா 356. உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் என்கிற ஒன்றை இறந்தவர் மேல் சுமத்தி, அது குடும்பத்தார், நெருங்கிய உறவினர் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் இருந்தால் அவதூறு ஆகலாம். அந்த நோக்கத்தை நிரூபிப்பது லேசு இல்லை. அதுவும் முந்நூறு வருஷத்துக்கு முன் ஆண்ட ராணிக்கு நெருங்கிய உறவினர் என்று யார் கூண்டில் ஏறுவார்? ஆக, சட்டம் திருமலை நாயக்கரையும் மங்கம்மாளையும் காப்பாற்றாது. காப்பாற்றவும் கூடாது என்பது என் கருத்து. தடை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வரலாற்றுக்காக வருவதில்லை, தங்கள் சாதிப் பெருமைக்காக வருகிறார்கள். பொய்யை எடுத்துக் காட்ட வேண்டியது இந்த மாதிரி இடங்களில் பேசுகிற நாம்தான்.

தெற்குமாசி வாசகி

தடை வேண்டும் என்று நானும் கேட்கவில்லை தம்பி. தடை வந்தால் முதலில் மாட்டுவது நல்லபடியாகத் தேடி எழுதியவராகத்தான் இருக்கும்.

சீமைக்காரி

சிவகங்கையிலிருந்து எழுதுறேன். எல்லாரும் பழியைப் பத்தியே பேசுறீங்க. பெருமையைச் சேர்க்கிறதும் சேதம்தான்னு நான் சொல்லுவேன்.

எங்க வேலு நாச்சியார் கதையை எடுத்துக்கங்க. நாடகம், மேடைப்பேச்சு, யூடியூப் எல்லாத்துலயும் குயிலி உடம்புல தீ வச்சுக்கிட்டு வெடிமருந்துக் கிடங்குல குதிச்சதுதான் உச்சம். குயிலி விஷயத்துல ஆய்வாளர்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது. எனக்கும் குயிலின்னா உசிருதான், சின்ன வயசுல அந்தக் கதையைக் கேட்டு அழுதிருக்கேன். ஆனா அந்த ஒரு சீனுக்காக எதை விடுறாங்க தெரியுமா? 1772ல காளையார்கோவில்ல புருஷன் முத்துவடுகநாதர் சாகுறார். நாச்சியார் மகளோட விருப்பாச்சிக்குப் போறாங்க. அந்த வருஷ டிசம்பர்லயே பிரதானி தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதுறார், ஐயாயிரம் குதிரை, ஐயாயிரம் காலாள் வேணும்னு. படை உடனே வந்துடல. அந்தப் பிள்ளை அதைப் பார்க்காமலே செத்துப் போறார். நாச்சியார் காத்திருக்காங்க. எட்டு வருஷம். 1780லதான் சீமை திரும்பக் கிடைக்குது.

ஒரு பொம்பளை, புருஷனை இழந்து, அடுத்தவர் ஊர்ல, கூட இருந்த மந்திரியும் போனப்புறம், எட்டு வருஷம் தன் ஆளுங்களைக் கலையவிடாம வச்சிருந்தாளே, அதை எந்தத் தொடர்ல காட்டுவாங்க? கத்தியைச் சுழட்டுறதைக் காட்டுவாங்க. எனக்கு அந்த எட்டு வருஷம் வேணும்.

கோரிப்பாளையத்தான்

இதுக்குப் பதில் இல்ல என்கிட்ட. நல்லா சொன்னீங்க அக்கா. ஆனா தீக்குளிச்ச சீன் இல்லாம ப்ரொட்யூசர் காசு போடுவாரா?

மேடை ரசிகன்

வள்ளி திருமணம், அரிச்சந்திர மயான காண்டம் என்று மதுரைப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவன் நான். ராஜபார்ட்டும் பபூனும் அன்றைய விலைவாசியைக்கூட வாதத்தில் இழுப்பார்கள், யாரும் ஏமாறுவதில்லை. ஜிகினா கிரீடம், முகப்பூச்சு, ஆர்மோனியம், எதிரே கடலைக் கடை. நாடகம் தன்னை நாடகம் என்று சொல்லிக்கொண்டேதான் நடக்கும்.

இந்த ராஜகுடும்பத் தொடர் வேறு ஜாதி. ராணியின் கவுன் தையல், தொப்பி, கார், மேஜை மேல் இருக்கிற டெலிபோன் வரைக்கும் அந்தந்த வருஷத்து மாதிரியே செய்து வைக்கிறார்கள். பார்க்கிறவர் டெலிபோனைக்கூட இவ்வளவு சரியாக வைத்தவர் விஷயத்தைத் தப்பாகவா சொல்வார் என்று நினைக்கத்தான் செய்வார். துணி மணியில் சேர்த்த நம்பிக்கையைக் கதையில் செலவு செய்கிறார்கள். அதனால் நம் ஊர்க் கூத்தைக் காட்டி இதற்கு நியாயம் சொல்ல முடியாது. கட்டபொம்மன் படமும் பாதி மேடை நாடகம்தான், அந்தப் பேச்சு நடையே நிஜத்தில் இப்படி யாரும் பேசமாட்டார்கள் என்று சொல்லிவிடும்.

தெற்குமாசி வாசகி

மேடை ரசிகன் சொன்னதற்கு ஒரு நல்ல சாட்சி அபர்ஃபான் எபிசோடு. 1966 அக்டோபர் 21, வேல்ஸில் நிலக்கரிக் கழிவு மலை சரிந்து ஒரு பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 குழந்தைகள். அந்த எபிசோடில் சேறு இறங்குகிற காட்சியைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. ராணி எட்டு நாள் கழித்துத்தான் அங்கே போனார், அது நிஜம், அதற்காக அவரைக் கேள்வி கேட்டதும் நியாயம். ஆனால் தொடர் அங்கே நிற்கவில்லை. அவர் காய்ந்த கண்ணைக் கைக்குட்டையால் துடைத்து அழுததாக நடித்தார் என்று, அதையும் அவர் வாயாலேயே பிரதமரிடம் சொல்ல வைக்கிறது. அங்கே பிள்ளையைப் பறிகொடுத்து அவரை நேரில் பார்த்தவர்கள், அவர் கலங்கித்தான் நின்றார் என்று சொல்லியிருக்கிறார்கள். தாமதமாக வந்தார் என்பதே போதுமான குறை. அதற்கு மேல் ஒரு பொய்க் குறையை ஏன் சேர்க்க வேண்டும்?

இன்னொன்று, ராணியின் தங்கை மார்கரெட் இளவரசியும், அவர் காதலித்த, விவாகரத்தான அதிகாரி டவுன்செண்டும். கல்யாணம் செய்தால் பட்டம், மானியம் எல்லாம் போகும் என்பதால் காதலை விட்டார் என்றுதான் தொடரைப் பார்த்தவர்கள் நினைப்பார்கள். 2004இல் திறந்த அரசுக் கோப்புகள் வேறு மாதிரி சொல்கின்றன. 1955இல் பிரதமர் ஈடன் தரப்பு போட்ட திட்டப்படி, வாரிசு உரிமையை விட்டுக்கொடுத்தால் போதும், பட்டமும் மானியமும் இருக்கும். அப்படியிருந்தும் அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இதுதான் எவ்வளவு பெரிய கதை! வழி திறந்திருந்தும் ஒரு பெண் ஏன் போகவில்லை? அந்தக் கேள்வியைத் தொட்டிருந்தால் மார்கரெட் இன்னும் பெரிய பாத்திரமாக வந்திருப்பார்.

நிஜம் தெரிந்த இடத்தில் நிஜத்தைத் தாண்டிப் போகாதீர்கள், தெரியாத இடத்தில் கற்பனை செய்யுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

வில்லாபுரம் ரீடர்

டப்பிங்கில் வந்த ‘ஜோதா அக்பர்’ சீரியலை எங்க தெருவே பார்த்தது. அக்பர் 1562ல ஆம்பேர் ராஜா பார்மலின் மகளைக் கட்டினது வரலாறு. ஆனா அந்த ராணிக்கு ஜோதான்னு பேர் இருந்ததா அக்பர் கால நூல்ல கிடையாது, மரியம்-உஸ்-ஸமானி என்பது பட்டம். ஜோத் பாய் என்கிற பேர் சேருவது அவங்க மருமகளுக்கு, ஜஹாங்கீர் மனைவிக்கு. இப்ப இதைச் சொன்னா எங்க வீட்லயே நம்ப மாட்டேங்கிறாங்க. பேர் மாறினதால யாருக்கும் பழி இல்ல, அதனால இதை நான் பெரிய தப்பா எடுத்துக்கல. சீரியல் எவ்வளவு ஆழமாப் பதியும்னு காட்டத்தான் சொல்றேன்.

திருமங்கலம் வசனம்

மஹால் கைடு அண்ணனிடம் ஒரு கேள்வி. எனக்கு ராணி மங்கம்மாளைத் தொடராக எழுத ஆசை, ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. 1689இல் மகன் முத்துவீரப்பர் பெரியம்மையில் போக, கைக்குழந்தையான பேரனுக்காக ஆட்சியை ஏற்றவர். சாலை, சத்திரம், குளம் என்று இன்றைக்கும் அவர் பெயர் சொல்கிற ஊர் இது. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே சத்திரம் நிற்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் இரண்டு இடத்தில் பேனா நிற்கிறது. மந்திரியோடு சேர்த்துப் பேசுகிற வம்பு ஒன்று. பேரனின் ஆட்கள் அவரைச் சிறை வைத்து, சோற்றைக் கண்ணுக்கு எதிரே, கைக்கு எட்டாமல் வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்கிற கதை இன்னொன்று. என்ன செய்யலாம்?

மஹால் கைடு

தம்பி, ரெண்டும் செவிவழிதான். பட்டினிக் கதையை ஊர்ல யாரும் விடமாட்டாங்க, பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தைக் காட்டி இங்கதான் சிறைன்னு எங்க தாத்தா காலத்துல இருந்து சொல்றாங்க. மந்திரி வம்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆம்பளை ராஜா மந்திரியை நம்பினா ராஜதந்திரம்பாங்க, விதவை ராணி நம்பினா வம்பு. மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்து விதானத்துல அவங்க உருவம் தீட்டியிருக்கு, போய்ப் பாருங்க. எழுதுறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு தடவை பார்த்துட்டு எழுதுங்க.

திருமங்கலம் வசனம்

சரிண்ணே. வம்பை நான் விடப்போவதில்லை, ஆனால் வம்பாகவே வைப்பேன். அரண்மனைக்கு வெளியே, அவரால் பதவி போன ஒருவன் வாயில் வரும். அவன் ஏன் சொல்கிறான் என்பதையும் அதே சீனில் காட்டிவிடுவேன். கேமரா ராணியின் அறைக்குள் போகாது. சாவை எடுக்கமாட்டேன். அதிகாரம் கைமாறியது வரைக்கும் காட்டிவிட்டு, அதற்குப் பிறகு ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிற மாதிரி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

சீமைக்காரி

அந்த மூணு பேர்ல ஒருத்தி பொம்பளையா இருக்கட்டும் தம்பி. சேனல்ல பட்டினிச் சாவை எடுன்னு கேப்பாங்க, அப்ப விட்டுக்கொடுத்துடாதீங்க. திருவிதாங்கூர் மேல 1697ல தளவாய் நரசப்பையாவை அனுப்பினாங்களே, அதை வச்சுத் தொடங்குங்க. பாக்கித் திறையை வசூல் பண்ணப் படை அனுப்புன ஒரு ராணி, பார்க்கிறவங்களுக்கு முதல் நாளே அவங்க யாருன்னு புரிஞ்சிடும்.